எவருக்கும் சொந்தமில்லாத இடை

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளுள் ஒன்றில், நான்கு மாடிக் கட்டடமொன்றின் மூன்றாம் மாடியில் றலியா குடியிருந்தாள். வீட்டு விழாக்களில் எடுக்கப்படும் வீடியோக்களை வெட்டி ஒட்டிக் கொடுப்பது அவளது தொழில். அத்தொழிலுக்கு மூலதனம் கணினி என்று எண்ணுவோர் உண்டு. உண்மையில் அதன் மூலதனம் நம்பிக்கை ஆகும். முஸ்லிம் வீட்டுக் கலியாணங்களில் பெண்கள் பகுதியில் எடுக்கப்படும் காட்சிகளை அந்நிய ஆடவர் பார்த்தல் கூடாது. ஆகவே பெண்களே கெமராவைத் தூக்குவர். பெண்ணொருத்தியே அவற்றைத் தொகுப்பாள். கல்கிசை முதல் மருதானை வரை பல குடும்பங்களுக்கு அந்தப் பெண் றலியாவே. அவள் வேலை செய்யும் அறைக்குத் தனிப் பூட்டு உண்டு. கணவன் ஹாஷிம்கூடக் கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே வருவான். "என்ட வீட்டுல எனக்கே விசா எடுக்க வேண்டி ஈக்கி" என்று அவன் வருவோர் போவோரிடமெல்லாம் முறையிடுவதும் உண்டு.

இந்த நற்பெயர் மெல்ல மெல்ல மற்றச் சமூகத்தார் செவிகளையும் எட்டியது. கொட்டாஞ்சேனையில் ஸ்டூடியோ வைத்திருந்த பேர்னாட், தன்னிடம் வரும் கலியாணங்களையும் சாமத்திய வீடுகளையும் அவளிடமே அனுப்பத் தொடங்கினார். பெண்பிள்ளை பெரியவளானதும் உறவினரைக் கூட்டி நீராட்டிக் கொண்டாடும் சாமத்திய வீடு, இக்காலத்தில் மண்டபத்தில் பெரிய திரையின்றி நடப்பதில்லை. விழாவுக்குச் சில வாரங்கள் முன்னதாகவே பிள்ளையைப் பட்டுடுத்தி, நகை பூட்டி, காலிமுகத்திடலுக்கோ பூங்காவுக்கோ கூட்டிச் சென்று, சினிமாப் பாட்டொன்றுக்கு ஏற்பப் படம் பிடிப்பார்கள். விழா நாளன்று பந்தி தொடங்குமுன் அப்பாட்டுக் காட்சி திரையில் ஓடும்.

அதனைத் தொகுப்பதற்கு றலியா ஒரு முறை வைத்திருந்தாள். முதற்காரியமாக, கெமராவில் பதிவாகியிருக்கும் சத்தம் முழுவதையும் அடைத்துவிடுவாள். காற்றிரைச்சல், கடலை விற்பவனின் கூவல், தாய்மாரின் அதட்டல் யாவும் ஒரே அழுத்தில் ஊமையாகிவிடும். அதன்பின் பாட்டைக் கீழே விரித்து, சொல்லுக்குச் சொல் காட்சியைப் பொருத்துவாள். கண் என்று பாடகன் பாடினால் கண். கொலுசு என்றால் பாதம். இடை என்றால் இடை. அவசர வேலையாயின், முந்திய வேலையைப் பிரதி எடுத்து, அதிலிருந்த துண்டுகளைக் கழற்றி, புதிய பிள்ளையின் துண்டுகளை அதே இடங்களில் பூட்டிவிடுவாள். பாட்டு ஒன்றேயானால் வேலை இன்னும் இலகு. அந்த ஆண்டு எல்லோரும் கேட்டதும் ஒரே பாட்டுத்தான். 'ஒரு பிடிக்குள்ள அடங்கும் இடுப்பு' என்று தொடங்கும் அதன் பல்லவி, முச்சக்கர வண்டிகளிலும் கைப்பேசிகளிலும் பாடசாலை வான்களிலும் ஓயாமல் ஒலித்தது.

அந்தப் பாட்டின் பொருட்டே நாகேஸ்வரி ஒரு சனிக்கிழமை பின்னேரம் றலியாவின் வீட்டுப் படியேறி வந்தாள். ஹம்டன் ஒழுங்கையில் வசிக்கும் யாழ்ப்பாணக் குடும்பம் அவளுடையது. கணவர் நமசிவாயம் காப்புறுதிக் கம்பனியில் உத்தியோகம். ஒரே மகள் யதுஷாவுக்குப் போன மாதம் விமரிசையாகச் சாமத்திய வீடு செய்திருந்தார்கள். பாட்டுக் காட்சி மண்டபத்தில் ஓடி முடிந்துவிட்டது. விழாவின் முழு வீடியோதான் பாக்கி. அதற்குப் பாட்டுத் தெரிவு செய்ய வீட்டார் வந்து பக்கத்தில் அமர்வது வழமை.

தாய்க்குப் பின்னால் யதுஷா வந்தாள். பதின்மூன்று வயதுக்குரிய முகம். ஆனால் அவள் அணிந்திருந்த சட்டை அவளது தகப்பனுடையதோ என்று ஐயுறும்படி தொளதொளவென்று முழங்கால்வரை தொங்கியது.

"றலியா, என்ன சொல்லுறது, அந்தப் பாட்டுத் துண்டு அப்பிடியே படம் மாதிரி இருந்தது!" என்றாள் நாகேஸ்வரி, நாற்காலியில் அமருமுன்பே. "இடுப்பு வாற இடத்தில சனமெல்லாம் விசில். என்ர தமையன்ர பெடியன் மிதுஷன் இருக்கிறானெல்லே, அவன் கதிரையில ஏறி நிண்டு கைதட்டினவன். கனடாவில இருக்கிற தங்கச்சி அந்த இடத்தைத்தான் திரும்பத் திரும்பப் போட்டுப் பாக்கிறாளாம். 'அக்கா, உன்ர பிள்ளையோ இது, நம்பேலாமல் இருக்கு' எண்டுறாள்."

"எல்லாம் நல்லபடியா நடந்திச்சே, அல்ஹம்துலில்லாஹ்" என்று றலியா மகிழ்ந்தாள். குளிர்சாதனப் பெட்டியிலிருந்த தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்து அவித்த வட்டிலப்பத்தை வெட்டி இரண்டு தட்டுகளில் வைத்துக் கொண்டுவந்தாள். "மகள், சாப்பிடுங்க. கருப்பட்டி போட்டது, காலைலதான் செஞ்ச."

"எனக்கு வேண்டாம் அன்ரி."

"இவள் இப்ப ஒண்டும் தின்னுறாளில்லை, விடுங்கோ" என்று தாய் தன் தட்டையும் தள்ளி வைத்தாள். "நானும் ஒண்டும் சொல்லுறதில்லை. மெலிஞ்சால் நல்லதுதானே, இந்த வயசில விட்டால் பிறகு குறையாது. சரி, நான் ஒருக்கா தையல்கடைக்குப் போட்டு வாறன், அவன் ஆறு மணிக்குப் பூட்டிப்போடுவான். நீங்கள் ரெண்டு பேருமாய்ப் பாட்டைத் தெரிஞ்சு வையுங்கோ. பிள்ளை, வடிவாய்ப் பாத்துச் சொல்லு, என்ன?"

அவள் இறங்கிச் செல்லும் ஓசை ஓய்ந்தது. றலியா கணினியை உயிர்ப்பித்து, பாட்டுகளின் வரிசையைத் திறந்தாள். பிள்ளை திரையைப் பார்க்கவில்லை. தன் இரு கைகளின் விரல்களையும் விரித்து, சட்டையின் மேலாக வயிற்றைச் சுற்றி வைத்து, நுனிகள் ஒன்றையொன்று தொடுகின்றனவா என்று பார்த்தாள். தொடவில்லை. கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அதனை அவள் நகம் பார்ப்பதைப் போல அத்தனை பழக்கமாகச் செய்ததுதான் றலியாவின் நெஞ்சில் சுருக்கென்றது.

"அன்ரி, ஒண்டு கேக்கட்டோ? அம்மாவுக்குச் சொல்லக்கூடாது."

"கேளுங்க மகள்."

"அந்தப் பாட்டில வாற இடுப்பு என்ரை இல்லை."

றலியா சிரித்தாள். "உங்களுக்குத் தெரியாம ஈக்கி. கிட்டத்தால எடுத்தா அப்பிடித்தான், ஆரெண்டு வெளங்காது."

"இல்லை அன்ரி. அண்டைக்குக் காலிமுகத்திடலில நான் கட்டின ஒட்டியாணத்தில இருந்து ஒரு முத்து கழண்டு விழுந்திட்டுது. நடுவில தொங்கிற முத்து. அதுக்குப் பிறகுதான் கெமரா அண்ணா இடுப்பை எடுத்தவர். வீடியோவில எல்லா முத்தும் இருக்கு."

றலியா அந்தப் பாட்டுத் தொகுப்பைத் திறந்தாள். பல்லவிக்குச் சென்று, காட்சியை நிறுத்தி, துண்டின் பெயரைப் பார்த்தாள். பெயரில் யதுஷா என்று இல்லை. ரொஷேல் என்று இருந்தது.

நடந்தது அவளுக்கு ஒரு நொடியில் விளங்கியது. ரொஷேல் கொட்டாஞ்சேனைப் பெண், வங்கியில் வேலை, இருபத்தெட்டு வயது. அவளது கலியாணத்துக்கு முந்திய பாட்டுக் காட்சியும் இதே பாட்டுக்குத்தான் தொகுக்கப்பட்டது. இருவரையும் சோடித்தவள் இராமலெட்சுமி என்ற ஒரே அலங்காரக்காரி. அவள் வாடகைக்குக் கொடுப்பது ஒரே ஒட்டியாணம். இருவர் உடுத்ததும் அரக்கு நிறப் பட்டு. பேர்னாட் தொலைபேசியில் துரத்திக்கொண்டிருந்த நாளொன்றில், முந்திய வேலையைப் பிரதி எடுத்துத் துண்டுகளை மாற்றியவள் ஒன்றை மாற்ற மறந்துவிட்டாள். முகம் வரும் துண்டாக இருந்திருந்தால் அக்கணமே கண்ணில் பட்டிருக்கும். முகமில்லாத துண்டு ஆதலால் எவர் கண்ணிலும் படவில்லை. மணப்பெண்ணின் இடையை ஒரு சின்னப் பிள்ளைக்குப் பூட்டி, மண்டபம் நிறைந்த சனத்துக்கு முன்னால் காட்டியாகிவிட்டது. பெற்ற தாயே அதனைக் கண்டு பூரித்துப் போயிருக்கிறாள்.

"யா அல்லாஹ்" என்றாள் றலியா, வாய்க்குள். "மகள், நான் செஞ்ச பிழை. பெரிய பிழை. இப்பவே மாத்துறன். உம்மா வந்ததும் நானே சொல்றன்."

"வேண்டாம்!" என்று யதுஷா எழுந்துவிட்டாள். "மாத்தாதேங்கோ அன்ரி. அதைச் சொல்லத்தான் வந்தனான். நீங்கள் கண்டுபிடிச்சு மாத்திப் போடுவீங்களோ எண்டு எனக்குப் பயமாய் இருந்தது."

"ஏன் மகள்?"

"எல்லாருக்கும் அதுதான் பிடிச்சிருக்கு. வானில பெடியள் எல்லாம் என்னை 'ஒரு பிடி' எண்டுதான் கூப்பிடினம். நான் ஏறேக்க அந்தப் பாட்டைப் படிப்பினம். மிதுஷன் மச்சான்தான் எல்லாருக்கும் வீடியோவை அனுப்பினவர். அம்மாவும் ஒவ்வொருத்தருக்கும் காட்டுறா." அவள் சட்டையின் நுனியை விரலில் சுற்றினாள். "நான் அதுமாதிரி வந்திட்டால் பொய் இல்லைத்தானே? எவ்வளவு நாள் சாப்பிடாமல் இருந்தால் அதுமாதிரி வரும் எண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

அந்நியர் பார்வையிலிருந்து பெண்களைக் காத்து வருபவள் என்றே றலியா தன்னைப்பற்றி இத்தனை காலமும் எண்ணியிருந்தாள். அறைக்குப் பூட்டுப் போட்டிருந்தாள். கணவனையும் கதவைத் தட்ட வைத்தாள். ஆயினும் பூட்டிய கதவுக்குள்ளே இருந்துகொண்டு, பாட்டு எந்தெந்த இடத்தில் வெட்டச் சொன்னதோ அந்தந்த இடத்தில் ஒவ்வொரு பெண்ணையும் வெட்டித் தந்தவள் தானே என்பது, தன் முன்னால் நின்ற இந்தப் பிள்ளையின் தொளதொளத்த சட்டையைக் கண்டபோதுதான் அவளுக்கு உறைத்தது.

அவள் மறுபடி திரையைப் பார்த்தாள். உறைந்து நின்ற அந்த இடையின் இரு ஓரங்களிலும், பின்னாலிருந்த மதிலின் கற்கள் மிக இலேசாக உள்நோக்கி வளைந்திருந்தன. பார்க்கத் தெரிந்தவருக்கு மட்டுமே தெரியும் வளைவு அது. அப்போதுதான் அவளுக்கு இன்னொன்று நினைவுக்கு வந்தது. ரொஷேலின் இடையை ஒடுக்கியதும் அவள்தான். மாமியார் வீட்டார் ஆசைப்படுகிறார்கள் என்று பேர்னாட் சொன்னார். கணினியின் சுட்டியைப் பிடித்து இரு பக்கமும் உள்ளே தள்ளிவிட்டாள். பல் துலக்குவதைப் போன்று, யோசியாமல் செய்யும் வேலைகளுள் அதுவும் ஒன்றாகிவிட்டிருந்தது.

வெட்டாத, ஒடுக்காத மூலக் காட்சி கணினியிலேயே இருந்தது. அதனைத் திறந்து காட்டினால் பிள்ளைக்கு ஒரு நொடியில் விளங்கிவிடும். ஆனால் ஒரு பெண்ணின் படத்தை மற்றொருவருக்குக் காட்டமாட்டேன் என்பதுதானே அவளது வாக்கு. அவள் சற்றுத் தயங்கி, பின்னர் கைப்பேசியை எடுத்தாள்.

"ஹலோ, றலியா அக்கா!" மறுமுனையில் ரொஷேலின் குரல் பேருந்து இரைச்சலோடு கலந்து வந்தது. "என்ன, என்ட வீடியோ அழிஞ்சி போச்சா? அப்பிடி மட்டும் சொல்லிடாதீங்க, அம்மா மயங்கி விழுந்திடுவா."

"அழியல்ல. அதவிட மோசம். ஒங்கட இடுப்ப நான் வேறொரு புள்ளைக்குப் போட்டுட்டன்."

"என்னத்தப் போட்டீங்க?"

றலியா நடந்தவற்றை ஒன்றுவிடாமல் கூறினாள். கோபிக்கப் போகிறாள் என்று றலியா உதட்டைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். வந்ததோ பேருந்தையே திரும்பிப் பார்க்க வைத்திருக்கக்கூடிய சிரிப்பு.

"ஐயோ அக்கா, அது என்ட இடுப்பும் இல்லையே! நீங்கதானே ரெண்டு பக்கமும் தள்ளி விட்டது! அப்ப அது ஆருட?"

"ஆருடயும் இல்ல" என்றாள் றலியா. சொன்ன பிறகுதான் அச்சொல்லின் பாரத்தை உணர்ந்தாள். "ரொஷேல், இந்தப் புள்ள அதப் பாத்துட்டுச் சாப்பிடாம கெடக்கு. ஒங்கட வெட்டாத துண்ட அவளுக்குக் காட்டட்டா? ஒங்களுக்கு விருப்பமில்லாட்டி காட்டல்ல."

சிரிப்பு அடங்கியது. "ஸ்பீக்கரில போடுங்க அக்கா. தங்கச்சி, கேக்குதா? பேர் என்ன?"

"யதுஷா" என்றாள் பிள்ளை, கைப்பேசியிடம் கூச்சத்தோடு.

"யதுஷா, ஒரு ரகசியம் சொல்றன். அந்த ஒட்டியாணம் எனக்குக் கொக்கி எட்டவேயில்ல. ராமலெட்சுமி அக்கா பின்னால கறுப்பு நூல் போட்டுக் கட்டினாங்க. கெமராக்காரர் 'மூச்சப் புடிங்க, மூச்சப் புடிங்க' எண்டுட்டே இருந்தார். எவ்வளவு நேரந்தான் புடிக்கிற? விட்டன். நூல் அறுந்து ஒட்டியாணம் கால்ல விழுந்திச்சு."

பிள்ளையின் கண்கள் விரிந்தன. "உங்களுக்குமோ?"

"எனக்கும்தான். அந்தப் பாட்ட எழுதின மனுசனுக்கு ஒரு நாளைக்கு அதக் கட்டிவிட்டு, வெயில்ல நிக்க வச்சு, மூச்சப் புடிக்கச் சொல்லோணும்." பின்பு அவள் குரலைத் தாழ்த்தினாள். "ஆனா ஒண்டு. கலியாணத்துக்குப் பிறகு என்ட ஹஸ்பன்ட் அந்த வீடியோவ ஒரு நாள் பாத்தார். பாத்துட்டு என்னப் பாத்தார். ஒண்டுமே சொல்லல்ல, நல்ல மனுசன்தான். பாத்தார், அவ்வளவுதான். அண்டைக்கு நான் ராச்சாப்பாடு சாப்பிடல்ல. நீங்களும் அப்பிடி இருக்காதீங்க, என்ன? அக்கா, காட்டுங்க அவளுக்கு. நூல் அறுந்து விழுறதையும் சேர்த்துக் காட்டுங்க. சரி, ஆமர் வீதி வந்திட்டு, நான் இறங்கோணும்."

றலியா காட்டினாள். திரையில் ரொஷேல் முழுதாக நின்றாள். முகம், தோள், இடை, கை, கால் யாவும் ஓரிடத்தில் ஒரே ஆளாய் இருந்தன. பாட்டில்லை. மூச்சை அடக்கிக் கன்னம் உப்ப நின்றவள், பொறுக்கமாட்டாமல் 'புஸ்' என்று விட்டதும் ஒட்டியாணம் சரிந்து பாதத்தில் விழுந்தது. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

யதுஷாவும் சிரித்துவிட்டாள். பின்னர் திரைக்கு மிக அருகே குனிந்து, நெடுநேரம் பார்த்தாள்.

"இந்த அக்கா இப்பிடித்தான் வடிவு" என்றாள்.

அவ்வேளையில் படிகளில் நாகேஸ்வரியின் செருப்போசை கேட்டது. பிள்ளை மிரண்டு றலியாவின் கையைப் பற்றினாள். றலியா அந்தக் கையை விடாமலே எழுந்து கதவைத் திறந்தாள்.

"என்ன, பாட்டுத் தெரிஞ்சு முடிஞ்சுதோ?" என்று கேட்டபடி வந்தவளை அமரச் செய்து, தண்ணீர் கொடுத்து, அதன்பின் றலியா தன் தவற்றைச் சொன்னாள். மழுப்பவில்லை.

நாகேஸ்வரியின் முகம் சிவந்தது. "என்ன கதை இது? அவ்வளவு சனத்துக்கு முன்னால வேற ஆரோ ஒருத்தியின்ர இடுப்பையோ காட்டினனீங்கள்? கலியாணம் கட்டின பொம்பிளையின்ரையோ? பேர்னாட்டைக் கூப்பிடுங்கோ, நான் கேக்கிறன். கனடாவுக்கு என்னெண்டு முகங்குடுத்துக் கதைக்கிறது?"

"ஏசுங்க அக்கா. எனக்குத்தான் ஏசோணும், பேர்னாட்டுக்கு இல்ல."

"அம்மா, அன்ரி வேணுமெண்டு செய்யேல்லை" என்றாள் யதுஷா.

"நீ பேசாமல் இரு. உனக்கு முதலே தெரியுமோ?"

"மண்டபத்திலயே தெரியும்."

"அப்ப ஏன் சொல்லேல்லை?"

பிள்ளை தலையைக் குனிந்துகொண்டாள். "நீங்கள் அவ்வளவு சந்தோசப்பட்டீங்கள், அம்மா. எனக்குப் பக்கத்தில இருந்து அழுதனீங்கள். நான் சொன்னால் அது போயிடும்."

தையல்கடைப் பை நாகேஸ்வரியின் மடியிலிருந்து நழுவி நிலத்தில் விழுந்தது. அவள் அதனை எடுக்கவில்லை. மகளை அவள் பார்த்த பார்வை, நெடுநாள் பார்க்காதவரை ரயில் நிலையத்தில் தேடுபவரின் பார்வையை ஒத்திருந்தது. "குளிக்க வாத்தது நான்" என்றாள் மெல்ல. "பிறந்த நாள் தொட்டு எண்ணெய் வச்சு உருவினது நான். எனக்கே தெரியேல்லையே, றலியா. பாட்டில எல்லாரும் கைதட்ட, நானும் தட்டிக்கொண்டு இருந்திட்டன்."

கீழே கடலோரமாகப் பாணந்துறை ரயில் போகிற சத்தம் யன்னல் கண்ணாடியை அதிரச் செய்துவிட்டு அகன்றது.

றலியா தன் இருக்கைக்குத் திரும்பி, யதுஷாவின் மூலக் காட்சிகளைத் திறந்தாள். அன்றைய படப்பிடிப்பில் வேண்டாதவை என்று அவள் ஒதுக்கியவை ஏராளம். அவற்றை அவள் ஒருபோதும் சத்தத்தோடு கேட்டதில்லை. இப்போது முதன்முறையாக அடைத்திருந்த ஒலியைத் திறந்தாள்.

கடற்காற்று அறைக்குள் இரைந்தது. திரையில் யதுஷா அரக்குப் பட்டில் வியர்த்து நின்றாள். திரைக்கு வெளியேயிருந்து நாகேஸ்வரியின் குரல் கேட்டது: "வயித்தை உள்ளுக்கு இழு பிள்ளை. இன்னும் இழு." கெமராக்காரர்: "தங்கச்சி, கையை இடுப்பில வைங்க." மறுபடியும் தாய்: "இழு எண்டு சொன்னனானெல்லே. என்ன பாவம் செய்தனானோ, இவளுக்கு வயிறு மட்டும் தேப்பன்ர பக்கம்."

நாற்காலியில் அமர்ந்திருந்த நாகேஸ்வரி தன் குரலைக் கேட்டுக் கூசிப் போனாள். "நிப்பாட்டுங்கோ" என்று கையை நீட்டினாள். "இவ்வளவு தரமோ சொன்னனான்?"

றலியா நிறுத்தப் போனாள். யதுஷா, "இன்னும் கொஞ்சம் ஓடட்டும் அன்ரி. அந்த முத்து விழுறது வரும்" என்றாள். முத்து விழுந்ததற்கு அன்று வாங்கிய ஏச்சு இன்னும் அவள் காதில் இருந்தது.

அடுத்த துண்டில் கெமரா எவரையும் நோக்காமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து, அணைக்க மறந்த நிலையில் ஓடிக்கொண்டிருந்தது. மதிற்கட்டில் தாயும் மகளும் அமர்ந்திருந்தார்கள். தாயின் கையில் கடுதாசியில் சுற்றிய இஸ்ஸோ வடை; மேலே இறால் பதித்து, மிளகாய்ச் சம்பல் தூவியது. "ஆக்களுக்குக் காட்டாமல் கெதியாய்த் தின்" என்று பிய்த்து மகளின் வாயில் வைத்தாள். "காலமை தொட்டு ஒண்டும் தின்னேல்லை, பாவம். உதடு பத்திரம், லிப்ஸ்டிக்." யதுஷா ஒரு கடி கடித்தாள். மிளகாய் உறைத்துக் குலுங்கிக் குனிந்தாள். அவ்வளவில் 'டக்' என்று ஒரு சத்தம். முத்து தெறித்து, மதிலில் துள்ளி, கீழே உருண்டோடி, ஒரு காகத்தின் முன்னால் போய் நின்றது. காகம் அதனைக் கொத்திப் பார்த்துவிட்டு அருவருப்போடு விலகியது.

தாயும் மகளும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பின்பு இருவரும் வெடித்துச் சிரித்தார்கள். நாகேஸ்வரிக்குச் சிரிப்பில் புரையேறியது. மகள் தாயின் முதுகில் தட்டினாள். தாய் மகளின் தோளில் சாய்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஐயோ, காகத்துக்கே வேண்டாமாம்" என்று இன்னும் சிரித்தாள். அதற்குப் பிறகுதான் அவளுக்கு வாடகை நகை என்பது நினைவு வந்தது, குரல் மாறியது, "அதுக்குத்தான் சாப்பிடாதை எண்டனான்!" என்று ஏச்சுத் தொடங்கியது. கெமராக்காரர் ஓடிவந்து கெமராவை அணைத்ததோடு காட்சி அறுந்தது.

"சிரிச்சனீங்கள்!" என்றாள் யதுஷா. "அம்மா, நீங்கள் முதல் சிரிச்சனீங்கள். ஏசினது மட்டுந்தான் எனக்கு ஞாபகம்."

நாகேஸ்வரி முன்றானையால் மூக்கைத் துடைத்தாள். "எனக்கும்தான் மறந்துபோச்சு" என்றாள் கடைசியில். "திருப்பிப் போடுங்கோ, றலியா. அந்தக் காகத்தில இருந்து."

றலியா திருப்பிப் போட்டாள். தாய் நாற்காலியை மகளின் நாற்காலியோடு ஒட்டி இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். மூன்றாம் முறை ஓடியபோது இருவரும் திரையில் சிரிப்பவர்களோடு சேர்ந்து சிரித்தார்கள்.

"அக்கா, இந்த எடத்துக்கு என்ன பாட்டுப் போட?" என்று றலியா கேட்டாள்.

"இதுக்கு ஏன் பாட்டு? இப்பிடியே விடுங்கோ. முதலாவதாய் இதைப் போடுங்கோ. அந்த இடுப்புப் பாட்டைக் கழட்டி எறியுங்கோ."

"கனடாச் சித்தி ஏசுவா அம்மா."

"ஏசட்டும். அவளின்ர சாமத்திய வீட்டிலயும் சனம் அவளைப் 'பூசணி' எண்டு கூப்பிட்டு அழப்பண்ணினது. அவளுக்கும் ஞாபகப்படுத்திறன்." நிலத்தில் கிடந்த பையை நாகேஸ்வரி எடுத்து மடியில் வைத்தாள். "மிதுஷனுக்கும் ரெண்டு கதை இருக்கு. வானில எல்லாரும் பாடுறவங்களாம் எண்டு எனக்கு ஏன் நீ சொல்லேல்லை?"

"நீங்களும் சமைக்கேக்க அதைத்தானே பாடுறனீங்கள்" என்றாள் மகள்.

நாகேஸ்வரி கைகளை எங்கே வைப்பதென்று தெரியாதவளாய் மேசையைத் துழாவினாள். தள்ளி வைத்திருந்த வட்டிலப்பத் தட்டு கைக்கு எட்டியது. எதையாவது செய்ய வேண்டும் என்பதற்காக ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தாள். முகம் மாறியது. மீண்டும் ஒரு கரண்டி எடுத்தாள். முந்திரிப் பருப்புள்ள மூலையையும் வெட்டி எடுத்தாள்.

"றலியா, இது உண்மையாய்க் கருப்பட்டியோ? நல்லாயிருக்கு" என்று அவள் அடுத்த தட்டையும் தன் பக்கம் இழுத்தபோது, யதுஷா பதறி எழுந்து தட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா! அது என்ரை."